அயர்லாந்துக் கோட்டையில் இரண்டு இரவு: அறை எடுப்பதற்கு முன் படிக்க வேண்டியவை

அப்பாவின் அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் முடிந்த கையோடு, அவரையும் அம்மாவையும் அயர்லாந்தின் பழைய கோட்டை ஒன்றில் இரண்டு இரவு தங்க வைப்பதென்று நானும் என் கணவரும் முடிவு செய்தோம். முதல் முறை நடக்கவில்லை. அப்பா, அம்மா இருவருக்கும் விசா மறுக்கப்பட்டது. ரத்து செய்ய முடியாத கட்டணத்தில் அறை எடுத்திருந்ததால் அந்தப் பணமும் போயிற்று. தவறு முழுக்க எங்கள் விண்ணப்பத்தில்தான் இருந்தது. ஏழு மாதம் கழித்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து, மேயோ மாவட்டத்தில் காங் என்ற சிற்றூரை ஒட்டி, கோரிப் ஏரிக்கரையில் இருக்கும் ஆஷ்ஃபோர்ட் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பெற்றோரைக் கூட்டிக்கொண்டு இதே கனவோடு கிளம்புகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். நாங்கள் பட்ட அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். நாங்கள் எதை எந்த வரிசையில் செய்திருக்க வேண்டுமோ, அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. முதலில் கோட்டையைத் தேர்ந்தெடுங்கள், விளம்பரப் படத்தை அல்ல

பெயரில் கோட்டை என்று இருந்தால் மட்டும் போதாது. சில இடங்களில் கோட்டை ஒருபக்கம் இருக்கும், உங்களுக்குத் தரும் அறையோ தோட்டத்தின் மறுகோடியில் புதிதாகக் கட்டிய குடிலில் இருக்கும். சில கோட்டைகளைத் திருமணத்துக்காக மொத்தமாக வாடகைக்கு விடுவார்கள். அதனால் அறை எடுக்குமுன் மின்னஞ்சலில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: அறை பழைய கட்டடத்துக்குள் இருக்கிறதா? அந்த அறைக்கு லிஃப்ட் போகுமா? நாங்கள் தங்கும் தேதியில் பெரிய திருமணம் ஏதாவது இருக்கிறதா? பழைய கோபுரங்களில் சுழல் படிக்கட்டு மட்டுமே இருக்கும் இடங்கள் உண்டு. முழங்கால் வலி உள்ள பெற்றோருக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

ஆஷ்ஃபோர்டில் 83 அறைகள், சுற்றிலும் 350 ஏக்கர் காடும் தோட்டமும். கோடையில் ஓர் இரவுக்கு 1,000 யூரோவைத் தாண்டும். யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவ்வளவு கொடுக்க மனம் வரவில்லையென்றால், அதே வளாகத்தில் ‘தி லாட்ஜ்’ என்ற ஓட்டல் இருக்கிறது. விலை நன்றாகக் குறையும், நடந்து திரிய அதே 350 ஏக்கர் கிடைக்கும். இரண்டு ஜோடிகள் போனால், பெற்றோருக்குக் கோட்டையில் ஓர் அறை, உங்களுக்கு லாட்ஜில் ஓர் அறை என்று எடுப்பது நல்ல யோசனை. நாங்கள் அதைத்தான் செய்தோம்.

நீண்ட கார்ப் பயணம் வேண்டாம் என்றால் கிளேர் மாவட்டத்தின் டிரோமோலண்ட் கோட்டை, ஷானன் விமான நிலையத்திலிருந்து கால் மணி நேரம்தான். கூட்டமில்லாத மலையும் ஆறும் வேண்டுமென்றால் கால்வே மாவட்டத்தின் கானமாராப் பகுதியில் பாலினஹிஞ்ச் கோட்டை. நம் கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஒரு செய்தி: ரஞ்சி கோப்பைக்குப் பெயர் கொடுத்த ரஞ்சித்சிங்ஜி 1920களில் அந்தக் கோட்டையை வாங்கிக் கோடைக்காலங்களை அங்கேதான் கழித்தார்.

2. மாதம்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விலை உச்சத்தில் இருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை குறையும், ஆனால் டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். அவ்வளவு செலவு செய்து போய் ஏரியை ஜன்னல் வழியாகக்கூடப் பார்க்க முடியாது. ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். என் கணக்கில் ஏப்ரல் பின்பாதியும் மே மாதமும்தான் சரியான காலம். ஈஸ்டர் வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

ஞாயிறு முதல் வியாழன் வரையிலான இரவுகள் வெள்ளி, சனியைவிட மலிவு. வார இறுதியில் குறைந்தது இரண்டு இரவு எடுக்க வேண்டும் என்று சொல்லும் கோட்டைகளும் உண்டு. மழை எந்த மாதத்திலும் வரும். மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், மேற்குக் கடலோரக் காற்றில் குடை நிற்காது.

3. அறையை ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில் மட்டுமே எடுங்கள்

எங்களை அதிகம் வருத்திய இடம் இது. முன்கூட்டியே முழுப் பணமும் கட்டினால் குறைவு என்று ஒரு விலை, சில நாள் முன்புவரை ரத்து செய்யலாம் என்று சற்றுக் கூடுதலாக ஒரு விலை, இரண்டும் திரையில் அடுத்தடுத்து நிற்கும். விசா கையில் இல்லாதவரை குறைந்த விலையைத் திரும்பியும் பார்க்காதீர்கள். ஓர் இரவில் மிச்சமாகும் ஆறாயிரம், எட்டாயிரத்தைப் பார்த்து நாங்கள் மொத்தத்தையும் இழந்தோம்.

முன்பதிவு உறுதிக் கடிதத்தில் தங்கப்போகும் எல்லோருடைய பெயரும், பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளோடு அப்படியே இருக்க வேண்டும். வழக்கமாகப் பணம் கட்டியவர் பெயர் ஒன்றுதான் வரும். ஓட்டலுக்கு எழுதிக் கேட்டால் மற்றப் பெயர்களைச் சேர்த்து அனுப்புவார்கள். இந்தக் கடிதம் விசா விண்ணப்பத்துக்குப் போகும் தாள். என் அப்பா பெயரில் இனிஷியல் ஒரு தாளில் முன்னாலும் இன்னொன்றில் விரிவாகப் பின்னாலும் இருந்தது. இரண்டாம் முறை எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒன்றாக்கினோம்.

4. விசா: நான்கு மாதத்துக்கு முன்பே தாள் சேர்க்கத் தொடங்குங்கள்

அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஆனால் பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா போதும் என்ற ஷெங்கன் ஏற்பாட்டில் இல்லை. பாஸ்போர்ட்டில் ஷெங்கன் விசா இருந்தாலும் டப்ளினில் இறங்க அது உதவாது. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையே இந்தியர்களுக்கான கூட்டு விசாத் திட்டம் ஒன்று உண்டு. உங்கள் பிரிட்டன் விசாவில் ‘பி.ஐ.வி.எஸ்.’ என்ற குறிப்பு அச்சாகியிருந்தால் மட்டுமே அது அயர்லாந்துக்கும் செல்லும், அதுவும் முதலில் பிரிட்டனில் இறங்கிய பிறகு. குறிப்பு இல்லாத விசாவை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள்.

எடுக்க வேண்டியது ‘சி’ வகைக் குறுகிய கால விசா. ஒருமுறை நுழைய 60 யூரோ, பலமுறை நுழைய 100 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தாலும் கட்டணம் திரும்பாது. நான்கு பேருக்கு 240 யூரோ, கிட்டத்தட்ட 24,000 ரூபாய். பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பு முதல் விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு எட்டு வாரம் ஒதுக்குங்கள். ஏப்ரல், மே விடுமுறையை ஒட்டிக் கூட்டம் சேரும், அதற்குத் தனியாக இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

முறை இதுதான்: ‘அவாட்ஸ்’ என்ற இணையப் படிவத்தை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். நிரப்பியதும் ஒரு சுருக்கத் தாள் வரும். அதை அச்செடுத்துக் கையெழுத்திட்டு, பாஸ்போர்ட், புகைப்படங்கள், ஆவணங்களோடு 30 நாளுக்குள் மையத்தில் கொடுக்க வேண்டும். சென்னையில் விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். மையம் இருக்கிறது. இணையத்தில் அனுப்பியதோடு விண்ணப்பம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

நாங்கள் இரண்டாம் முறை ஒருவருக்குச் சேர்த்த கட்டு:

- நடப்பு பாஸ்போர்ட், பழைய பாஸ்போர்ட்டுகளின் எல்லாப் பக்க நகல்கள்
- ஏன் போகிறோம், எத்தனை நாள், யார் செலவு செய்கிறார்கள், எப்போது திரும்புகிறோம் என்று சொல்லும் கையெழுத்திட்ட கடிதம்
- ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட், வங்கியின் முத்திரையோடு
- வேலையில் இருப்பவருக்கு அலுவலகக் கடிதம், விடுமுறை அனுமதி, மூன்று மாதச் சம்பளச் சீட்டு. ஓய்வு பெற்றவருக்கு பென்ஷன் ஆணை
- ஓட்டல் உறுதிக் கடிதங்கள், நாள்வாரிப் பயணத் திட்டம், பயணக் காப்பீடு
- திரும்பி வருவதற்கான காரணங்கள்: வீட்டுப் பத்திரம், சொத்து வரி ரசீது, ஊரில் இருக்கும் குடும்பத்தின் விவரம்
- முந்தைய விசா மறுப்புக் கடிதம், இருந்தால்

முதல் முறை நாங்கள் சறுக்கிய இடங்கள் இரண்டு. கணக்கில் பணம் தெரியட்டும் என்று அப்பா தன் எஃப்.டி.யை முடித்து ஐந்து லட்சத்தைச் சேமிப்புக் கணக்கில் போட்டார். விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்னால் திடீரென்று வந்து விழுந்த பணம், அதற்கு ஒரு வரி விளக்கமும் இல்லை. பார்க்கிறவருக்கு அது கடன் வாங்கிக் காட்டிய பணமாகத்தான் தோன்றும். எஃப்.டி.யை முடிக்க வேண்டியதே இல்லை, அதன் சான்றிதழை இணைத்தால் போதும். பெரிய தொகை வந்தே ஆக வேண்டுமென்றால் எங்கிருந்து வந்தது என்பதைக் கடிதத்தில் எழுதி, ஆதாரத்தையும் வையுங்கள்.

இரண்டாவது, பட்டா. ஊரில் இருக்கும் வீட்டின் பட்டாவைத் தமிழிலேயே வைத்துவிட்டோம். ஆங்கிலத்திலோ ஐரிஷிலோ இல்லாத ஆவணத்துக்கு முழு மொழிபெயர்ப்பு வேண்டும். தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, அவர் பெயர், கையெழுத்து, தேதியோடு வாங்கி, மூலத்தோடு சேர்த்துக் கொடுங்கள். மொழிபெயர்க்காத தாள் கட்டில் இருந்தும் இல்லாததுபோல்தான்.

பெற்றோரின் செலவை நீங்கள் ஏற்பதாக இருந்தால், உங்கள் ஸ்டேட்மென்ட்டும் உங்கள் உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழும் அவர்களுடைய கட்டிலும் இருக்க வேண்டும். நால்வரும் ஒரே நாளில் கொடுத்தாலும் ஒவ்வொரு கட்டும் தனக்குத் தானே முழுமையாக இருக்கட்டும்.

மறுத்துவிட்டால் கடிதத்தில் காரணம் இருக்கும். இரண்டு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை. எங்களுக்குப் பயணத் தேதி கடந்துவிட்டதால் புதிதாக விண்ணப்பித்தோம். அப்படிச் செய்யும்போது பழைய மறுப்பைக் கட்டாயம் சொல்லுங்கள். தவறான தகவல் கொடுத்தால் ஐந்தாண்டுவரை விண்ணப்பிக்கவே முடியாமல் போகலாம்.

அயர்லாந்து விசாவை வைத்துக்கொண்டு பெல்ஃபாஸ்ட் பக்கம் போய்விட்டு வரலாம் என்று நினைக்காதீர்கள். வடக்கு அயர்லாந்து பிரிட்டனுக்குச் சொந்தம். சாலையில் சோதனைச் சாவடி இல்லாததால் எல்லை தாண்டியதே தெரியாது, ஆனால் விசா வேண்டும்.

5. விமானம்

விசா வரும்வரை டிக்கெட்டுக்குப் பணம் கட்ட வேண்டாம். அயர்லாந்து குடிவரவுத் துறையே அப்படித்தான் சொல்கிறது. சென்னையிலிருந்து துபாய், அபுதாபி, தோஹா மூன்றில் ஏதாவது ஒன்றில் மாறி டப்ளினுக்கு நேராகப் போகலாம். லண்டன் வழி சில சமயம் மலிவாக இருக்கும். ஆனால் இந்திய பாஸ்போர்ட்டுக்கு அங்கே விமானம் மாறுவதற்கே தனி விசா தேவைப்படும் நிலைகள் உண்டு. வளைகுடா வழியே எடுத்தால் அந்தக் கவலை இல்லை.

ஓட்டல் கடிதம், காப்பீடு, திரும்பும் டிக்கெட் மூன்றையும் கைப்பையில் வையுங்கள். டப்ளினில் குடிவரவு அதிகாரி கேட்டால் பெட்டியைத் தேடி ஓட முடியாது.

6. கோட்டைக்குப் போகும் வழி

டப்ளின் விமான நிலையத்திலிருந்து காங் ஏறக்குறைய 240 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். இரவு முழுக்க விமானத்தில் இருந்துவிட்டு அன்றே காங்வரை ஓட்டாதீர்கள். நாங்கள் முதல் இரவைக் கால்வே நகரில் சாதாரண ஓட்டலில் கழித்தோம். டப்ளினிலிருந்து கால்வேக்கு ரயிலும் உண்டு, விமான நிலையத்திலிருந்தே பேருந்தும் உண்டு. மறுநாள் காலை அங்கிருந்து காங் 45 கிலோமீட்டர்தான். கோட்டையில் அறை மதியம் மூன்று மணி வாக்கில்தான் தருவார்கள் என்பதால் இந்த ஏற்பாடு நேரத்துக்கும் பொருந்தும். கார் ஓட்ட விருப்பமில்லாதவர்கள் கால்வேயிலிருந்து டாக்சி பேசிக்கொள்ளலாம். கிராமப் பேருந்துகள் குறைவு, பெட்டி படுக்கையோடு அவற்றை நம்ப வேண்டாம்.

ஓட்டுகிறவர்களுக்கு: அங்கேயும் இடப்பக்கம்தான். நம் ஓட்டுநர் உரிமம் செல்லும், என்றாலும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துவிடுங்கள். ஆர்.டி.ஓ.வில் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். வாடகை நிறுவனங்கள் ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்கும். டெபிட் கார்டோடு போய்க் கவுன்ட்டரில் நின்று பயனில்லை. கியர் இல்லாத கார் வேண்டுமென்றால் முன்பே சொல்லி எடுங்கள், விலை கூடும். பெற்றோர் ஓட்டுவதாக இருந்தால் நிறுவனத்தின் வயது வரம்பையும் பாருங்கள்.

இப்போது பலர் மாட்டிக்கொள்ளும் இடம். விமான நிலையத்திலிருந்து மேற்கே போக எம்50 சுற்றுச்சாலையில் போவீர்கள். அதில் சுங்கச்சாவடி கிடையாது, கேமரா மட்டும்தான். மறுநாள் இரவு எட்டு மணிக்குள் இணையத்திலோ கடையிலோ கார் எண்ணைச் சொல்லி நீங்களே கட்ட வேண்டும். தவறினால் அபராதம், அதன்மேல் வாடகை நிறுவனம் தன் பங்குக்குச் சேர்க்கும் நிர்வாகக் கட்டணம். என் கணவருக்கு மறுநாள் மாலை ஏழு மணிக்குக் கோட்டையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் நினைவு வந்தது. கார் சாவியை வாங்கும்போதே வாடகை நிறுவனம் அதைத் தானாகக் கட்டுமா என்று கேட்டுவிடுங்கள். கால்வே வழியில் வரும் மற்ற இரண்டு சுங்கங்களில் சாவடி உண்டு, அங்கேயே கட்டலாம்.

கிராமச் சாலைகள் மிகக் குறுகல், இருபுறமும் கல்சுவர். 2025 பிப்ரவரியிலிருந்து அந்தச் சாலைகளின் பொது வேக வரம்பு 60 கிலோமீட்டர். இருட்டுவதற்கு முன் போய்ச் சேருங்கள்.

7. கார்டும் முன்பணமும்

கோட்டை ஓட்டல்களில் அறைக்குப் போகும்முன் உங்கள் கார்டில் ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள். செலவு செய்த பணமல்ல, பிணைபோல. கிரெடிட் கார்டில் இது தொந்தரவு இல்லை. வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் ஃபாரெக்ஸ் கார்டைக் கொடுத்தால் உண்மையான பணம் முடங்கி, திரும்ப வரப் பல நாள் ஆகும். எங்களுக்கு அப்படித்தான் முடங்கி, கையிருப்பு வற்றியது. பிணைக்குக் கிரெடிட் கார்டு, செலவுக்கு ஃபாரெக்ஸ் கார்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இயந்திரம் “ரூபாயிலா, யூரோவிலா?” என்று கேட்டால் யூரோவைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் போகும்.

8. சாப்பாடு

சைவம் என்றால் ஒரு வாரம் முன்பே மின்னஞ்சலில் சொல்லுங்கள். “முட்டை, மீன், இறைச்சிச் சாறு எதுவும் கூடாது” என்று பிரித்துச் சொல்ல வேண்டும். சைவம் என்ற ஒரு சொல்லுக்கு அங்கே முட்டை அடங்கும். ஐரிஷ் காலை உணவுத் தட்டில் ‘பிளாக் புட்டிங்’, ‘ஒயிட் புட்டிங்’ என்று இரண்டு வட்ட வில்லைகள் இருக்கும். பெயரைக் கேட்டு இனிப்பு என்று எண்ணாதீர்கள். முதலாவது பன்றி ரத்தத்தில் செய்தது, இரண்டாவது பன்றி இறைச்சி.

ஊரிலிருந்து எடுத்துப் போவதில் கவனம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டு இறைச்சியும் பால் பொருளும் பயணப் பெட்டியில் வரக்கூடாது. நெய், பால்கோவா, பனீர் எல்லாம் விமான நிலையத்திலேயே போய்விடும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் அனுமதி இல்லை. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அவல் கொண்டு போனோம், அறையில் கெட்டில் இருந்தது. தாளிக்கும் ஆசையில் மின்னடுப்பு கொண்டு போகாதீர்கள், புகை மணி அடித்தால் கோட்டை முழுவதும் வெளியே வர வேண்டியிருக்கும்.

மூன்று வேளையும் கோட்டைக்குள் சாப்பிட்டால் பணம் கரைந்துவிடும். காலை உணவு சேர்ந்த கட்டணத்தில் அறை எடுத்து, மதியம் காங் ஊருக்கு நடந்து போங்கள். ஆற்றங்கரையில் பழைய மடத்தின் இடிபாடுகளைத் தாண்டி, மெதுவாக நடந்தால் இருபது நிமிடம். சூப்பும் ரொட்டியும் சாதாரண விலைக்குக் கிடைக்கும். இரவு பப்களில் சமையலறை ஒன்பது மணிக்கே மூடும், அதனால் எட்டுக்குள் உட்கார்ந்துவிடுங்கள்.

ஓர் இரவு மட்டும் ஐந்தாம் ஜார்ஜ் பெயரிலான பெரிய உணவுக்கூடத்தில் சாப்பிடுங்கள். அறை எடுக்கும்போதே மேசையையும் பதிவு செய்ய வேண்டும். ஆண்களுக்குக் கோட்டு அவசியம், அதை ஊரிலேயே பெட்டியில் வைத்துவிடுங்கள். அம்மா அறுபதாம் கல்யாணப் பட்டுப்புடவையையே கட்டிக்கொண்டாள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு மேசைக்காக இரண்டாம் முறையும் விண்ணப்பித்தது சரிதான் என்று எனக்குத் தோன்றியது.

9. உள்ளே செய்ய வேண்டியவை

வளாகத்திலேயே பருந்துப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. தோல் கையுறை போட்டு, ஹாரிஸ் பருந்தைக் கையில் ஏந்திக் காட்டுக்குள் ஒரு மணி நேரம் நடக்கலாம். தனிக் கட்டணம். அறை எடுத்த அன்றே இதையும் பதிவு செய்யுங்கள், போன பிறகு இடம் கிடைக்காது. காலையில் ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட் நாய்கள் விருந்தினரைப் பார்க்க வரும், அதற்குக் காசில்லை. கோரிப் ஏரியில் படகுப் பயணம் வானிலையைப் பொறுத்தது, ஆகவே முதல் நாளுக்கே வைத்துக்கொள்ளுங்கள். மழையில் தள்ளிப்போனால் இரண்டாம் நாள் கையில் இருக்கும்.

அங்கே பிளக்குக்குச் செவ்வகத் துளைகள் மூன்று, நம் உருண்டைப் பின் நுழையாது, அடாப்டர் தேவை.

10. கிளம்பும் நாள்

பில்லை முந்தைய இரவே வாங்கி வரிவரியாகப் பாருங்கள். அறைக்கு எழுதச் சொன்ன தேநீர், மினிபார், சேவைக் கட்டணம் எல்லாம் அதில் வரும். சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருந்தால் தனியாக டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை. கார்டில் முடக்கிய தொகையை விடுவித்துவிட்டதாக ஒரு தாளோ மின்னஞ்சலோ கேட்டு வாங்குங்கள். டப்ளினில் விமானம் என்றால் ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம், பெட்ரோல் நிரப்பிக் காரை ஒப்படைக்க ஒரு மணி நேரம், விமான நிலையத்துக்குள் மூன்று மணி நேரம். திரும்பும் வழியிலும் அதே எம்50 வரும், விமானம் ஏறுமுன் அந்தக் கட்டணத்தையும் ஃபோனிலேயே கட்டிவிடுங்கள்.